கூலருக்கு அடியில் இருந்தது

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம், ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் ஒரு குரு இருந்தாள். ஆசிரமம் என்று எதுவும் இல்லை. நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் படிக்கட்டில் காத்திருக்க வேண்டிய கடை. கேமிங் கம்ப்யூட்டருக்கு வேண்டியதைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து, பூட்டி, ஓட்டிக் காட்டிக் கொடுக்கிற கடை.

குருவின் பெயர் மெஹருன்னிசா. வயது இருபத்தொன்பது. சீடன் சவரிமுத்து. வயது நாற்பத்து மூன்று. எண்கள் இடம் மாறிவிட்டன என்று யாரும் திருத்த வேண்டாம். அப்படித்தான்.

சவரிமுத்து ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற பெரிய கடையில் வருஷக்கணக்கில் விற்பனையாளனாக இருந்தவன். வாயாலேயே பிழைத்தவன். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். கையால் ஒரு தொழில் கற்றுக்கொள்ளலாம் என்று இங்கே வந்தான். முதல் நாள் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டான். கொஞ்ச நாளில், யாரும் சொல்லாமலே, அது மாஸ்டர் ஆகிவிட்டது. அவள் மட்டும் அண்ணே என்பதை மாற்றவில்லை.

"மாஸ்டர், இருக்கிறதுலயே எந்த ப்ராசஸர் நல்லது?" என்று ஒருநாள் கேட்டான்.

"யார் ஓட்டப் போறது?"

"பொதுவாக் கேக்குறேன்."

"பொதுன்னு ஒரு ஆளு கடைக்கு வர்றதில்லையேண்ணே."

இதெல்லாம் ஒரு பாடமா என்று அவனுக்கு அலுப்பாக இருந்தது.

மெஹர் சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போயிருந்த சமயத்தில்தான் அருணகிரி வந்தார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தன்னுடைய பழைய ஸ்கூட்டரைச் செருப்புக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"லாரி ஓட்டுற கேம் ஒண்ணு இருக்கு தம்பி. பனி பெய்யிற ஊர்லல்லாம் ஓட்டலாம். அதுக்கு ஒரு மெஷின் போடணும்."

என்ன ப்ராசஸர், என்ன கார்டு, எவ்வளவு மெமரி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். மாதக்கணக்கில் வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கடைசியாக, "ஓ.எஸ். மட்டும் விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும்" என்றார்.

சவரிமுத்து சிரித்துவிட்டான். கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"லினக்ஸ்ல யாராச்சும் கேம் விளையாடுவாங்களா சார்?"

"இந்த கேம் அதுலயே ஓடும் தம்பி. வீட்ல என் லேப்டாப்ல அதுதான் இருக்கு. கை பழகிடுச்சு."

"உங்க இஷ்டம். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

மறுநாள் பூட்டிக் கொடுத்தான். பூட்டிய மெஷினை ஒரு நாள் முழுக்கக் கடையிலேயே ஓடவிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும் என்பது மெஹரின் வழக்கம். பெரியவர் ஆசையோடு வந்து நிற்கவே, சவரிமுத்து கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்து அனுப்பிவிட்டான்.

வாரம் திரும்புவதற்குள் மெஷின் திரும்பி வந்தது. அருணகிரிதான் ஸ்கூட்டரை ஓட்டி வந்தார். பின்னால் அவருடைய மகன் தினகரன் கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல பொசுக்குனு அணைஞ்சிடுது தம்பி."

சவரிமுத்து மெஷினைத் திறக்கவில்லை. தொடக்கூட இல்லை. அவனுக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நா எழவில்லை. நாற்பத்து மூன்று வயதில் கற்றுக்குட்டி என்று காட்டிக்கொள்வதைவிட வேறு எதையாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பழைய கடையில் பழகிய நாக்கு தானாகவே ஓடியது.

"அன்னிக்கே சொன்னேனே சார். நீங்க எடுத்த ப்ராசஸருக்கும் அந்த ஓ.எஸ்.ஸுக்கும் ஒத்து வராது. தேர்ந்தெடுத்ததே தப்பு."

தினகரன் அப்பாவைப் பார்த்தான். "நான் என்ன சொன்னேன்? போன வாரம் அடுப்பை அணைக்காம போனீங்க. மாமா பேரு மறந்து போச்சு. இப்ப இது. வயசாச்சுன்னா ஒத்துக்கணும்ப்பா."

அருணகிரி, தான் கேட்ட பாகங்களின் பெயர்களை ஒருமுறை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தார். எங்கே பிசகியது என்று தேடுவது போல இருந்தது.

"எனக்குத்தான் புத்தி மட்டாயிடுச்சு போல. மன்னிச்சுக்குங்க தம்பி. எது சரியோ அதைப் போட்டுக் கொடுங்க" என்றார்.

சவரிமுத்து மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். ஸ்கூட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்ற அருணகிரி, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மகனிடம் நீட்டினார். "நீயே ஓட்டுப்பா" என்று சொல்லியிருப்பார். பின்னால் ஏறி உட்காரத் தெரியாமல் தடுமாறி உட்கார்ந்தார்.

அவர்கள் போன பிறகு சவரிமுத்து மெஷினைத் திறந்தான்.

ப்ராசஸரின் தலையில் கூலர் உட்கார்ந்திருக்கும். சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிற உலோகக் கட்டி, மேலே ஒரு விசிறி. அதைக் கழற்றித் திருப்பினான். அடிப்பக்கம் முழுக்க கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. கடைக்கு வரும்போதே ஒட்டி வருகிற தாள். பூட்டுவதற்கு முன் உரிக்க வேண்டும். உரிக்காவிட்டால் உலோகம் ப்ராசஸரைத் தொடாது, சூடு வெளியேறாமல் ப்ராசஸரிலேயே தங்கிவிடும். 'பூட்டுமுன் உரிக்கவும்' என்று அதன் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. உரிக்க மறந்தவன் அவன்தான்.

உடனே போன் செய்திருக்கலாம். நல்ல மனுஷன் செய்திருப்பான். சவரிமுத்து தாளை உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சூடு கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவிக் கூலரைப் பூட்டினான். பிறகு லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸை ஏற்றினான். தேவையே இல்லை. சொன்ன பொய் நின்று ஓட வேண்டுமே, அதற்காக ஏற்றினான்.

மெஷின் அருமையாக ஓடியது.

மெஹர் திரும்பி வந்தாள். மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்த மெஷினைப் பார்த்தாள்.

"இதுல என்ன பிரச்சினை?"

"லினக்ஸ் ஒத்துக்கலை மாஸ்டர்."

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். "கூலரைக் கழட்டி மாட்டின மாதிரி பேஸ்ட் புதுசா இருக்கே."

வேறு எதுவும் கேட்கவில்லை. தன் வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பான். சும்மா இருந்துவிட்டாளே, என்ன செய்ய முடியும்? சவரிமுத்து சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். நடந்ததைச் சொன்னான். அருணகிரி மகனிடம் சாவியை நீட்டியதையும் சொன்னான். சொல்லும்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?" என்றாள்.

அவன் போனை எடுத்தான்.

"சார், கம்ப்யூட்டர் கடையிலேர்ந்து சவரிமுத்து பேசுறேன். தப்பு உங்களுது இல்ல சார், என்னுது. ஒரு பிளாஸ்டிக் தாளை உரிக்காம மாட்டிட்டேன். நீங்க எடுத்ததெல்லாம் சரிதான்."

அந்தப் பக்கம் லேசாகச் சிரிப்புக் கேட்டது.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு. என் பையனும் இப்படித்தான். கோவத்துல எதையாவது சொல்லிடுவான், அப்புறம் வந்து அப்படியெல்லாம் இல்லப்பான்னு சமாதானம் பண்ணுவான்."

"சத்தியமா சார்."

"சரி தம்பி, சரி. மெஷினைப் பையன் வந்து எடுத்துக்குவான். அவனே வச்சுக்கட்டும். வண்டியவே அவன்கிட்ட கொடுத்துட்டேன், எனக்கு எதுக்கு லாரி?"

போன் வைக்கப்பட்டது. சவரிமுத்துவுக்குக் காது கொதித்தது. பொய்யைச் சொன்னபோது அந்த மனுஷர் உடனே நம்பினார். உண்மையைச் சொன்னால் தட்டிக் கொடுக்கிறார்.

"உண்மையைச் சொல்லிட்டேன் மாஸ்டர். நம்ப மாட்டேங்குறாரு. இனி நான் என்ன செய்யிறது?"

மெஹர் அந்தத் தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எங்கேருந்து எடுத்தீங்களோ அங்கேயே வைங்க."

"மறுபடியுமா? மெஷின் போயிடாதா?"

"போகாது. சூடு தாங்கலைன்னா அதுவே அணைஞ்சுக்கும். லினக்ஸையும் திரும்ப ஏத்துங்க. அவர்கிட்ட எப்படிக் கொடுத்தீங்களோ அப்படியே இருக்கணும்."

முதல் தடவை அந்தத் தப்பைக் கவனமில்லாமல் செய்தான். இந்தத் தடவை தாளைச் சுருக்கமில்லாமல் நீவி ஒட்டி, பேஸ்ட் தடவி, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கி, அதே தப்பைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. ஒளிந்துகொள்ள அந்தக் கடையில் ஒரு மூலைகூட இல்லை.

அருணகிரிக்கு மெஹரே போன் செய்தாள்.

"சார், நீங்க வந்து இந்த மெஷினைத் திறந்து பாக்கணும்."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா?"

"நடுக்காட்டுல பஸ் நின்னா நான்தானம்மா இறங்கிப் பார்ப்பேன்."

"அப்ப வாங்க."

வந்தார்கள். தினகரன் ஸ்கூட்டரை ஓட்டி வந்தான். அருணகிரி பின்னாலிருந்து இறங்கினார். கொஞ்ச நாளிலேயே ஆள் தளர்ந்து தெரிந்தார். படியேற மகன் கை கொடுத்தான்.

மெஷினைப் போட்டார்கள். லாரி பனியில் கிளம்பியது. ஒரு பாலத்தைப் பாதி தாண்டும்போது திரை இருண்டது.

"பாத்தீங்களாப்பா?" என்றான் தினகரன்.

அருணகிரி கேபினெட்டின் பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தார். "சூடாகித்தான் நிக்குது. பஸ்ஸா இருந்தா ரேடியேட்டரைப் பார்ப்பேன். இதுக்கு எதும்மா ரேடியேட்டர்?"

மெஹர் கூலரைக் காட்டினாள். ஸ்க்ரூ டிரைவரை அவரிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகக் கழற்றினார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைக் கிள்ளியதும் தாள் முழுசாக உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன தம்பி?"

கேள்வி சவரிமுத்துவிடம் கேட்கப்பட்டது.

"நான் உரிக்காம விட்டது சார்."

"போன்ல சொன்னீங்களே, அதுவா?"

"அதேதான். தெரியட்டும்னு திரும்பவும் மாட்டி வச்சேன். அன்னிக்கு நீங்க படி இறங்கினதுமே பார்த்துட்டேன் சார். பார்த்த பிறகும் பழியை உங்க மேலயே விட்டுட்டேன்."

"ஏன் தம்பி?"

"இந்த வயசுலயும் எனக்குத் தொழில் தெரியலைன்னு தெரிஞ்சுடுமேன்னு."

அருணகிரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"அன்னிலேர்ந்து நான் தூங்கல தம்பி. அடுப்பை அணைச்சேனா, கதவைப் பூட்டினேனான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு இருந்தேன். என் சம்சாரம் பேரைக்கூட அடிக்கடி சொல்லிப் பார்த்துக்கிட்டேன். மறந்துடக் கூடாதுல்ல."

தினகரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சவரிமுத்து கை கூப்பினான். அதை வாங்கிக்கொண்டதாக அருணகிரி காட்டிக்கொள்ளவில்லை. மெஹரிடம் கேட்டு, தானே பேஸ்ட் தடவி, தானே கூலரைப் பூட்டினார். மெஷினைப் போட்டார். லாரி பாலத்தைத் தாண்டியது. மலை ஏறியது. ஒரு ஊரைக் கடந்தது. மெஷின் அணையவே இல்லை.

அவர் எழுந்து மகனிடம் கையை நீட்டினார்.

"சாவி."

"அப்பா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"சாவியைக் கொடுப்பா."

சவரிமுத்து ஜன்னலில் நின்று பார்த்தான். மகன் கேபினெட்டைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். அருணகிரி இண்டிகேட்டர் போட்டு, ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டு, அதன் பின்னாலேயே சாலையில் இறங்கினார். மேலே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

தாள் மேஜையிலேயே கிடந்தது. சவரிமுத்து அதைத் துடைத்து, தான் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே சுவரில், நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டினான். அதன் முன்னால் உட்கார்ந்தான். கண் கலங்கியது.

"எதுக்குண்ணே அது?" என்று கேட்டாள் மெஹர்.

"தினம் பாக்கணும் மாஸ்டர். நான் எப்பேர்ப்பட்ட ஆள்னு மறக்கவே கூடாது."

மெஹர் எழுந்து வந்தாள். தாளைச் சுவரிலிருந்து பிய்த்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"படிக்கட்டுல ஒரு அம்மா ரொம்ப நேரமா நிக்கிறாங்க. நீங்க இன்னமும் உங்களையேதானே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"