கபுட்டுக்கு வந்த ராஜமரியாதை

கடிகாரம் என்பதை அரண்மனையில் மட்டுமே பார்க்க முடிந்த முன்னொரு காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ராஜாவிடம் ஆள் உயரத்துக்கு ஒரு கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஜெர்மானிய தேசத்திலிருந்து கப்பலேறி வந்த யோகான் என்பவரும் இருந்தார். கடிகாரம் மாதத்துக்கு இரண்டு முறை நின்றுபோகும். யோகான் வந்து அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பார், இரண்டு கைகளையும் விரிப்பார், "கபுட்" என்பார். உடைந்தது, கெட்டது, இனி உதவாதது எல்லாவற்றுக்கும் அவர் ஊர்ச் சாதாரண ஜனங்கள் வாயில் வருகிற சொல் அது.

யோகானுக்கு இந்த ஊரில் ஒரே சிநேகிதர் அரசவை விகடகவி மாசிலாமணி. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். அரண்மனைக் காவலர்கள் அதை முதலில் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து மடைப்பள்ளிக்குப் போயிற்று, மடைப்பள்ளியிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கிற்று. ஜனங்கள் தங்கள் வாய்க்குத் தோதாக அதைக் 'கபுட்டு' என்று ஆக்கிக்கொண்டார்கள். சக்கரம் கழன்றால் கபுட்டு, பால் திரிந்தால் கபுட்டு, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோனால் அதுவும் கபுட்டு. குதிரை விற்க வந்த அரபிகளும் மிளகு கொண்டுவந்த மலையாளத்துக்காரர்களும் போகிற போக்கில் அதைத் தங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஜலதோஷம் மாதிரி தானாகப் பரவிற்று.

ஒரு நாள் வடக்கேயிருந்து ஒரு தெலுங்கு ராஜாவின் தூதர் வந்தார். வழியில் பல்லக்குத் தண்டு முறிந்து, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்திருந்தார் மனிதர்.

"பல்லக்கு கபுட்டு, மகாராஜா" என்றார்.

ராஜா திடுக்கிட்டு, "இந்தச் சொல் தங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"தங்கள் தமிழ்ச் சொல்தானே? எங்கள் தேசத்தில் இப்போது சகலரும் இதைத்தான் சொல்கிறார்கள். தமிழின் இனிமையே இனிமை."

ராஜாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை காவியம் இருக்க, தமிழென்று வெளியூருக்குப் போய்ச் சேர்ந்தது இதுவா என்று மனம் குமைந்தார். மறுநாள் தம் முதல் மந்திரி பிரம்மராயரைக் கூப்பிட்டு, அந்தச் சொல்லை ராஜ்யத்தில் ஒழிக்கச் சொன்னார். பிரம்மராயர் சட்டம் தெரிந்தவர், பட்டு அங்கவஸ்திரம் தோளைவிட்டு நழுவாமல் நடப்பவர். விகடகவியை மட்டும் அவருக்குக் கண்டாலே ஆகாது.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம். எதைத் தடை செய்தாலும் அதைப் பேர் சொல்லி, மூன்று முறை தண்டோரா போட்டுத் தடை செய்ய வேண்டும். ஆகவே தண்டோராக்காரர்கள் எழுபத்திரண்டு கிராமங்களுக்கும் போய், "கபுட்டு என்று யாரும் சொல்லக் கூடாது" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மலையடிவாரத்து ஆடு மேய்ப்பவர்கள் அப்படி ஒரு சொல் இருப்பதையே அன்றுதான் அறிந்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். தண்டோராக்காரர்களும் பொறுமையாக விளக்கிச் சொன்னார்கள். பத்தே நாளில் ராஜ்யத்தில் அந்தச் சொல்லைச் சொல்லாத வாய் இல்லை.

பிரம்மராயர் சளைக்கவில்லை. "மகாராஜா, தடையில் குறையில்லை. யோகானோடு கூடிக்கொண்டு இதைத் தூண்டிவிடுவது விகடகவிதான். பரப்பியவரே ஒழிக்கட்டும்" என்றார்.

ராஜா எரிச்சலில் இருந்தார். தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றினார். "மாசிலாமணி, இருபது நாள் அவகாசம். எந்த ஆணை வேண்டுமானாலும் நம் பெயரால் போடும். இருபதாம் நாள் கடைத்தெருவுக்கு நாமே வருவோம். அந்தச் சொல் ஒருமுறை நம் காதில் விழுந்தாலும் நீர் யோகானோடு கப்பலேற வேண்டியதுதான்."

மாசிலாமணி மோதிரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பரிசலில் ஏறினாலே குடலைப் புரட்டுகிற உடம்பு அவருக்கு. அதைவிட, இந்த ஊரையும் இந்தப் பேச்சையும் விட்டுவிட்டு, தம் வேடிக்கை யாருக்கும் புரியாத தேசத்தில் போய் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து இலைமுன் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாகற்காய் வச்சிருக்கேன், தொடவே இல்லையே" என்றாள் மனைவி முத்துவடிவு.

"நீ போட்டுக்கோயேன்."

"எனக்கு வேணாம். கல்யாணத்துக்கு முன்னால எவ்வளவு ஆசையா தின்னுக்கிட்டிருந்தேன் தெரியுமா? இங்க வந்ததும் உங்க அக்கா, வீட்டுக்கு வந்த மருமக தெனம் பாகற்காய் தின்னே ஆகணும், தின்னுட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும்னாங்க. அன்னையோட அது எனக்கு வெறுத்துப்போச்சு."

மாசிலாமணி பிசைவதை நிறுத்தினார். பிறகு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் புதுத் தண்டோரா கிளம்பிற்று. "கபுட்டு என்பது இன்று முதல் ராஜமரியாதை பெற்ற சொல். ஒரு பொருள் உடைந்தாலோ கெட்டாலோ சகலரும் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேல்துணியை இடுப்பில் கட்டி, அரண்மனைத் திசையைக் கும்பிட்டு, மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். உடனே மணியக்காரரிடம் போய், தன் பேர், தகப்பனார் பேர், உடைந்த பொருள், உடைத்தவர் யார் என்பதைத் தெரிவிக்க வேண்டும். இந்த முறைப்படி சொல்லாதது சொன்னதாகவே ஆகாது."

பிரம்மராயர் ஓடினார் ராஜாவிடம். "ஒழிக்கச் சொன்னால் கட்டாயமாக்கியிருக்கிறார், மகாராஜா."

"இருபது நாள் கொடுத்தோம். ஆகட்டும் பார்ப்போம்" என்றார் ராஜா, பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் நாள் ஜனங்கள் வேடிக்கையாகச் செய்தார்கள். இரண்டாம் நாள் மணியக்காரர் வீட்டு வாசலில் உடைந்த அகப்பைக்காக அரை நாள் நிற்க வேண்டியிருந்தது. நான்காம் நாளிலிருந்து ஊரில் எதுவுமே உடையவில்லை. அச்சு முறிந்த வண்டிக்காரன், "வண்டி கொஞ்சம் ஓய்வெடுக்குது" என்றான். தயிர் புளித்தால், அது அப்படித்தான் என்றார்கள்.

இருபதாம் நாள் ராஜா பரிவாரத்தோடு கடைத்தெருவுக்கு வந்தார். மாசிலாமணி கும்பிட்ட கையோடு பின்னால் வந்தார். துறைமுகத்தில் பாய் விரித்த கப்பல் ஒன்று அங்கிருந்தே தெரிந்தது, அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். கடைத்தெரு முழுக்கச் சுற்றியும் அந்தச் சொல் யார் வாயிலும் வரவில்லை.

பிரம்மராயருக்குப் பொறுக்கவில்லை. சட்டிபானை விற்கிற காத்தாயியின் கடைமுன் நின்று, கைத்தடியால் ஒரு பானையில் படாரென்று ஒரு போடு போட்டார்.

"ஏனம்மா, இந்தப் பானைக்கு என்ன ஆயிற்று?"

"ஒண்ணும் ஆகலைங்க சாமி."

"இரண்டு துண்டாகக் கிடக்கிறதே?"

"கெடக்கட்டுங்க சாமி. ரெண்டும் நல்லாத்தான் இருக்குது."

"நன்றாகப் பாரம்மா. இதற்கு ஒரு சொல் உண்டே?"

"எனக்கு என்னங்க தெரியும், நான் பானை விக்கிறவ."

"கபுட்டு என்று சொல்லேன், கபுட்டு" என்று கத்திவிட்டார் பிரம்மராயர்.

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. தாம் கத்தியதே தமக்கு லாபம் என்று பிரம்மராயருக்கு உறைத்தது. "மகாராஜா, தங்கள் காதில் விழுந்ததல்லவா? யார் வாயிலிருந்து என்று ஆணையில் இல்லையே. விகடகவி கப்பலேறட்டும்."

ராஜா தயக்கத்தோடு மாசிலாமணியைப் பார்த்தார். மாசிலாமணி கும்பிட்ட கையை இன்னும் உயர்த்தினார். பணிவாகச் சொன்னார். "ஏறிவிடுகிறேன் மகாராஜா. ஆனால் தங்கள் முத்திரையிட்ட ஆணைப்படி, முறையோடு சொல்லாதது சொன்னதாகாது. மந்திரியார் முறைப்படி சொல்லட்டும்."

பிரம்மராயர் ஒரு கணம்தான் யோசித்தார். மாசிலாமணியை அனுப்புகிற ஆசை பெரிதாக இருந்தது. பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் இறுக்கினார். அரண்மனைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "கபுட்டு, கபுட்டு, கபுட்டு" என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கூட்டத்திலிருந்து மணியக்காரர் ஓலையும் எழுத்தாணியுமாக வந்து நின்றார். "எசமான் பேர் தெரியும், பெரிய எசமான் பேரும் தெரியும். உடைஞ்ச பொருள் என்னங்க?"

"பானை."

"உடைச்சது யாருங்க?"

பிரம்மராயர் காத்தாயியைப் பார்த்தார். காத்தாயி கைத்தடியைப் பார்த்தாள். ராஜா பிரம்மராயரையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் மந்திரி ஏழையின் பானையை உடைத்தார் என்று ஓலையில் ஏறினால் தலைமுறைக்கும் அது நிற்கும்.

பிரம்மராயர் மெல்ல அங்கவஸ்திரத்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மகாராஜா, நான் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை" என்றார்.

ராஜாவுக்கு வந்த சிரிப்பில் கிரீடம் நெற்றிக்கு இறங்கிவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெரிய தாழியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார். "நம் மந்திரியே சொல்லவில்லை என்கிறார், அப்புறம் நம் காதில் என்ன விழுந்திருக்க முடியும்? நீர் எங்கும் போக வேண்டாம். யோகானும் இருக்கட்டும்" என்றார்.

மாசிலாமணி பதிலுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ மாலையோடு அப்படியே காத்தாயியின் பானைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.