இறந்துபோன குதிரை கனைத்த வழக்கு

வெகுகாலத்துக்கு முன்னால் சாரல்நாடு என்ற தேசத்தை வல்லபராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் போட்ட உத்தரவை மத்தியானம் மறந்துவிட்டு, யார் போட்டது என்று ஊரை மிரட்டுகிற ராஜா.

அந்த நாட்டில் மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கக் கழுத்தில் செப்பு முத்திரை தொங்க வேண்டும். அதைக் கொடுப்பதும் பிடுங்குவதும் வைத்தியர் சபை. அதன் தலைவர் ஏகாம்பரப் பண்டிதர். வைத்தியர் மேல் புகார் வந்தால் விசாரிக்கச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோய்ப்பட்ட மிருகத்தையே கூட்டி வந்து, கட்டியக்காரன் அதன் காதில் மூன்று முறை கேட்பான்: "வைத்தியர் மேல் உனக்குக் குறை உண்டா?" மிருகம் வாய் திறக்காவிட்டால் குறை இல்லை. உயிரோடிருக்கும் மிருகத்துக்கு முதலில் வாய் நிறைய வைக்கோல் திணிப்பார்கள். செத்ததற்கு அந்தச் சிரமமும் இல்லை. ஆகவே எந்த வைத்தியரும் தண்டனை பெற்றதில்லை.

பண்டிதரின் மருந்தால் எருமையைப் பறிகொடுத்த சடைச்சி, வெறும் கயிற்றோடு சபை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேச வாயெடுத்தால், "மருந்து குடித்தது நீயா, எருமையா?" என்று கேட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

இந்த அநியாயத்தைச் சந்தை சந்தையாகப் போய்ச் சொன்னவள் மருதாயி. அவளும் முத்திரை பெற்ற வைத்தியச்சிதான். ஆனால் சபையில் அவளுக்கு ஆசனம் கிடையாது. நியாயம் பேசுகிறவர்களுக்கு உட்கார இடம் கொடுத்த ராஜ்யம் எது?

ராஜாவின் பிறந்தநாளன்று பட்டத்துக் குதிரை ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கலைத் தின்று, வயிறு உப்பி விழுந்தது. ஏகாம்பரப் பண்டிதர் லாயத்து நாற்றம் பிடிக்காமல் வாசலிலேயே நின்று, "சிவபதவி அடைந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா அழுதுகொண்டே இரங்கற்பா எழுத உட்கார்ந்தான். அரண்மனை முற்றத்தில் குழி வெட்டினார்கள்.

அந்த நேரத்தில் மருதாயி உள்ளே புகுந்தாள். விளக்கெண்ணெயும் பெருங்காயமும் புகட்டி, குதிரையின் வயிற்றை முழங்கையால் பிசைந்தாள். குதிரை விட்ட காற்றில் லாயத்து விளக்குகள் அணைந்தன. பிறகு அது எழுந்து நின்று கொள்ளுக்குத் தலையை நீட்டியது.

மறுநாள் சபை அரண்மனை முற்றத்திலேயே, குழிக்கரையில், ராஜா முன்னிலையில் கூடியது. சடைச்சியும் கயிற்றோடு வந்து அரண்மனை வாசலில் உட்கார்ந்தாள்.

"தலைவர் இறந்ததாகச் சொன்ன குதிரையை இவள் அனுமதியில்லாமல் எழுப்பினாள். தொழில் ஒழுக்கம் கெட்டது. முத்திரையை உடைத்துவிட்டுக் குதிரையைப் புதைக்க வேண்டும்" என்றார் பண்டிதர்.

"என் பாட்டும் பாதியில் நின்றுபோயிற்று" என்றான் ராஜா மனத்தாங்கலோடு.

மருதாயி முத்திரையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை. பக்கத்தில் குதிரை தனக்கு வெட்டிய குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று வைக்கோல் திணிக்கவில்லை. எட்டாத தூரத்தில் கொள்ளு வாளியைக் காட்டச் சொல்லியிருந்தார் பண்டிதர். கட்டியக்காரன் கேட்டதும் குதிரை அரண்மனை அதிரக் கனைத்தது.

"வாய் திறந்துவிட்டது. குறை உண்டு" என்று பண்டிதர் மேலாடையைச் சரிசெய்தார்.

"யார் கனைத்தது, பண்டிதரே?" என்றாள் மருதாயி.

"குதிரைதான். காது கேட்கவில்லையா, அம்மணி?"

"எந்தக் குதிரை? நீர் செத்ததென்று சொன்னதா? செத்திருந்தால் அது கனைக்கவில்லை, என் மேல் குறையில்லை. கனைத்திருந்தால் அது சாகவில்லை, உமது வாக்கு பொய். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளும்."

ராஜா பண்டிதரைப் பார்த்தான். பண்டிதர் தொண்டையைச் செருமினார். "உயிர் போனது நிச்சயம், மகாராஜா. மிச்சம் நடப்பதெல்லாம் பழக்கதோஷம். கனைத்துக் கனைத்து நாக்குக்குப் பழகிவிட்டது."

"அப்படியானால் பயமில்லை. பண்டிதர் பின்னால் போய் வாலில் ஒரு முடி பிடுங்கட்டும். செத்தது என்ன செய்துவிடும்?" என்றாள் மருதாயி.

ராஜா கைதட்டினான். "பிடுங்கும், பிடுங்கும்."

பண்டிதர் சக வைத்தியர்களைப் பார்த்தார். அத்தனை பேரும் ஆகாயத்தில் பருந்து பார்த்தார்கள். வேறு வழியின்றிப் போய், இரண்டு விரலால் ஒரு முடியை இழுத்தார். அடுத்த கணம் தலைப்பாகை ஒரு பக்கம் கிடந்தது, அவர் குழிக்குள் கிடந்தார்.

"வழக்கப்படி கேளுங்கள்" என்றாள் மருதாயி.

கட்டியக்காரன் குழிக்குள் குனிந்து மூன்று முறை கேட்டான்: "குதிரை மேல் உமக்குக் குறை உண்டா?"

உண்டு என்றால் குதிரைக்கு உயிர் வந்துவிடும். பண்டிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்.

"பேச்சில்லை, அசைவில்லை. சபை என்ன சொல்கிறது?" என்றான் ராஜா.

சக வைத்தியர்கள் குழியின் பக்கமே போகாமல், தூரத்திலிருந்தே ஒரே குரலில், "சிவபதவி அடைந்தார்" என்றார்கள். தலைமைப் பதவி அப்போதே பலர் கண்ணில் மின்னியது.

"சரி, மூடுங்கள்" என்றான் ராஜா.

முதல் கூடை மண் விழுந்ததும், "நான் உயிரோடிருக்கிறேன், குதிரையும் உயிரோடிருக்கிறது, வாசலில் நின்றுதான் சொன்னேன்" என்று குழிக்குள்ளிருந்து கத்தல் வந்தது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பண்டிதரின் முத்திரையை அவர் கண்ணெதிரிலேயே உடைத்தார்கள். இரங்கற்பாவில் குதிரையின் பெயரை அடித்துவிட்டுப் பண்டிதரின் பதவியைப் போட்டு ராஜா பாடி முடித்தான். "மருதாயி, என்ன வேண்டும்?" என்றான்.

"வாசல் கதவைத் திறக்க வேண்டும், மகாராஜா. மிருகத்தைப் பறிகொடுத்தவர்கள் இனிச் சபையில் பேச வேண்டும்."

"இவ்வளவுதானா?" என்றான் ராஜா. அவனுக்கு அது சின்ன விஷயம்.

கதவு திறந்ததும் கயிற்றோடு முதலில் நுழைந்தவள் சடைச்சி. அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு வைத்தியர் பழக்கத்தில் ஒரு பிடி வைக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். சடைச்சியின் வாயைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற குதிரையின் பின்னங்காலைப் பார்த்தார். வைக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்.