மறைப்புச் சேலை

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்கு வயது கூட.

சீடர் சதானந்தன் புவியியல் வாத்தியாராக இருந்தவர். சண்டையில் பள்ளிக்கூடம் இடிந்த பிறகு, போர்ச் செய்தியாளர் மங்களேஸ்வரியிடம் தொழில் பழக வந்தார். அவளைத் தங்கச்சி என்பார். அவள் அண்ணை என்பாள். ஆனால் எழுதியதை அவளிடம் காட்டும்போது, விடைத்தாளை நீட்டும் மாணவனைப் போல நிற்பார்.

அன்று அவர் எழுதியதைப் படித்துவிட்டு அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"பிழையோ?"

"பிழை இல்லை. இதில சனம் அழுகுது, ஓடுது, சாகுது. வேற ஒண்டும் செய்யேல்லையே?"

"சண்டைக்குள்ள சனம் வேற என்னத்தைச் செய்யும், தங்கச்சி?"

அவள் எழுந்து நடந்தாள். அவர் கமராவை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

இடம்பெயர்ந்த சனம் பனங்கூடலுக்குள், பனைகளுக்கு நடுவே கூடாரம் அடித்து இருந்தது. இருவரும் போய்ச் சேர்ந்த நேரம் ஷெல் விழத் தொடங்கியது. எல்லாரும் பதுங்குகுழிகளுக்குள் பாய்ந்தார்கள். சதானந்தன் குப்புற விழுந்தார்.

தலையை நிமிர்த்தியபோது, குழிகளுக்கு வெளியே, வெட்டவெளியில் நான்கு பெண்கள் நிற்பதைக் கண்டார். சேலைகளை விரித்துச் சுற்றிவரப் பிடித்திருந்தார்கள். அவற்றின் நடுவே ஒருத்தி முனகினாள். பிரசவம். குழிக்குள் காலை நீட்டக்கூட இடம் இருக்கவில்லை.

அவர் கமராவைத் தூக்கினார்.

அடுத்த ஷெல் கிட்ட விழுந்தது. நால்வரில் ஒருத்தியின் கையில் ஷெல் துண்டு பட்டு இரத்தம் வழிந்தது. சேலை சரிந்தது. மங்களேஸ்வரி ஓடிப்போய் அவளைத் தாங்கினாள்.

"அண்ணை! இதைப் பிடியுங்கோ!"

அவர் கமராவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சரிந்த சேலையைத் தூக்கிப் பிடித்தார்.

"அங்கால பார்த்து நில்லுங்கோ," என்றாள் பக்கத்தில் சேலை பிடித்திருந்த பூரணம். அவர் பிரசவத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

பதுங்குகுழிக்குள் இருந்து ஒரு பிள்ளை கத்தியது. "அம்மா, வாங்கோ! அம்மா!"

"வாறன் ராசாத்தி. காதைப் பொத்திக்கொண்டு இருங்கோ," என்றாள் பூரணம்.

மீண்டும் ஒரு ஷெல். மண் பறந்து முகத்தில் அடித்தது. பிள்ளை இன்னும் பலமாகக் கத்தியது. பூரணத்தின் கண்ணில் நீர் ஓடியது. சேலையைப் பிடித்த கை மட்டும் இறங்கவில்லை.

கடைசியில் உள்ளே ஒரு புதிய அழுகை கேட்டது. தாயையும் சிசுவையும் அந்தச் சேலையிலேயே தூக்கிக் குழிக்குள் இறக்கினார்கள். பூரணம் தன் பிள்ளையிடம் ஓடினாள்.

ஷெல் ஓய்ந்ததும், குழியோரம் படுத்திருந்த சதானந்தன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கமரா உடைந்து கிடந்தது.

"படமும் இல்லை, தங்கச்சி. பிள்ளை பிறந்ததையும் நான் பார்க்கேல்லை. மற்றப் பக்கம் திரும்பியெல்லோ நிண்டனான். இனி என்னத்தை எழுதுறது?"

மங்களேஸ்வரி தன் கையில் இருந்த இரத்தத்தை மண்ணில் துடைத்தாள்.

"சீலையை விட்டிட்டு ஓடலாம் எண்டு நினைச்சனீங்களோ?"

அவர் தலை குனிந்தார்.

"நினைச்சனான்."

"பிறகு ஏன் ஓடேல்லை?"

"தன்ர பிள்ளை கத்தியும் பக்கத்தில நிண்ட பொம்பிளை ஓடேல்லை."

"அதை எழுதுங்கோ, அண்ணை."