கப்பல் இழுத்த கயிறு

அமைச்சர் இளவழுதிக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ஏழை நாட்டின் முதல் பெரிய கப்பல் அன்று கடலில் இறங்கப் போகிறது! அதற்காகவே அவர் கஜானாவைத் துடைத்து எடுத்திருந்தார். மருத்துவச்சாலையைக்கூடப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தார்.

தம் குருவான செங்கோதை அம்மையாரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைக்கு அழைத்து வந்தார்.

"முதலில் செல்வம் வரட்டும், அம்மையே. பிறகு வீதிக்கொரு மருத்துவர் வைக்கிறேன். நான் செய்வது சரிதானே?"

"இழு, பார்ப்போம்," என்றார் குரு.

புதுக் கப்பலை ஊரார் கூடிக் கையால்தான் இழுக்க வேண்டும். யானையைக் கட்டினால் கப்பல் விளங்காது என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. பௌர்ணமிக் கடல் பொங்கி நின்றது. பறை முழங்கியது. அமைச்சரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். கப்பல் ஒரு முழம் நகர்ந்தது. கரையே ஆர்ப்பரித்தது. அவ்வளவுதான், அப்படியே நின்றுவிட்டது.

"இழுங்கள்! தண்ணீர் வடிகிறது!" அமைச்சர் தொண்டை கிழியக் கத்தினார். "மற்ற ஆட்கள் எல்லாம் எங்கே?"

"இருக்கிறார்கள்," என்றார் குரு. "நீ பூட்டிய வாசலில் காய்ச்சலோடு படுத்திருக்கிறார்கள்."

அமைச்சர் கயிற்றைக் கீழே போட்டார். அவசரக்காரர்தான், ஆனால் நல்ல மனிதர். அன்றே கதவைத் திறந்தார். கப்பலின் முகப்புக்கு வார்த்து வைத்திருந்த வெள்ளி அன்னத்தை விற்று மருந்து வாங்கினார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கயிற்றில் கை வைக்க இடமில்லை. ஒரே இழுப்பு! கப்பல் சர்ரென்று வழுக்கிக் கடலில் இறங்கியது. அமைச்சர் நனைந்த வேட்டியோடு துள்ளிக் குதித்தார். சந்தோஷத்தில் அழுதே விட்டார்.

"அம்மையே, இன்னொரு கப்பல் கட்டுவோம்! காய்ச்சல்தான் போய்விட்டதே. மருத்துவச்சாலையை மறுபடி பூட்டினால் மரம் வாங்கிவிடலாம்!"

சாவி அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது.

குரு ஈரக் கயிற்றின் நுனியைப் பிடித்து, ஊருக்கெல்லாம் சோறு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை நோக்கி இழுத்துப் போனார்.

"ஐயையோ, என்ன செய்கிறீர்கள்?"

"கப்பல்தான் இறங்கிவிட்டதே. எரித்துவிடலாம்."

"அடுத்த கப்பலை எதைக் கொண்டு இழுப்பது?" அமைச்சர் பதறி ஓடி, கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

குரு கையை நீட்டினார்.

"சாவியைக் கொடு."