தாடித் தலைவரும் ஸ்மார்ட் குட்டையும்

காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. குட்டை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாதி பிளாஸ்டிக் பை, மீதி அழுகின தக்காளி. நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர். அதில் செவந்தி என்ற தவளையின் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. தண்ணீர் வற்றினால் அத்தனையும் போய்விடும்.

அங்கே முத்தாண்டி என்று ஒரு வெள்ளாட்டுக் கிடாவும் இருந்தது. சுவரில் ஒட்டிய போஸ்டரைத் தின்றே வளர்ந்தது. "நான் தின்னாத மாநாடே இல்லை!" என்று பீற்றிக்கொள்ளும். தாடி வேறு இருந்தது. தலைவராக இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கும்தான் தாடி இருக்கிறது, ஒருவரும் கூப்பிடவில்லை. அது போகட்டும்.

ஒருநாள் முத்தாண்டி கூட்டம் போட்டது.

"இந்தக் குட்டையை நாமே புதுசாக்குவோம்! மனுசனை நம்பினா இன்னும் நாலு மூட்டை கொட்டுவான்! நமக்கு வேண்டியது கலை, இயற்கை, தொழில்நுட்பம்!"

"அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டது எருமை பேச்சாயி, அசைபோடுவதை நிறுத்தாமல்.

"எனக்கும் தெரியாது அக்கா. நேத்து தின்ன போஸ்டர்ல இருந்துச்சு. நல்ல ருசி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் வேலை நடந்தது. பேச்சாயி கொம்பால் குப்பையைக் கோரி ஒதுக்கியது. காகங்கள் பிளாஸ்டிக் பைகளைக் கவ்விக்கொண்டு பறந்தன. மைனாக்கள் நாவல் பழத்தைத் தின்று கரையெல்லாம் கொட்டை போட்டன. காகம் குப்புராசு எங்கிருந்தோ ஒரு சோலார் விளக்கைத் தூக்கி வந்தது.

"தொழில்நுட்பம் வந்தாச்சு தலைவரே! இனிமே இது ஸ்மார்ட் குட்டை!"

"கலை பாக்கி இருக்கே!" என்றது முத்தாண்டி. "மேற்கு மூலையில ஒரு சுவர் எழுப்பணும். ரோட்டுல போறவன் எவனும் பார்க்காமத் தப்பிக்கக்கூடாது!"

செவந்தி பதறியது. "அண்ணே, அது தண்ணி வர்ற வாய்க்கால்!"

"அதுல தண்ணி வந்து யாரு பார்த்தா? முதல்ல ஆளு வரட்டும், தண்ணி தானா வரும்!"

"கா! சரியாச் சொன்னீங்க!" என்றது குப்புராசு.

மண்ணும் வைக்கோலும் சாணமும் சேர்த்துப் பேச்சாயி மிதிமிதியென்று மிதித்தது. வாய்க்காலை அடைத்துச் சுவர் எழுந்தது. அதன் மேல் மைனாக்கள் ஊதா நிறத்தில் முத்தாண்டியின் முகத்தை வரைந்தன. நாவல் பழம் தின்ற மைனாவுக்கு ஊதாச் சாயம் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். சுவரின் உச்சியில் விளக்கையும் நட்டார்கள்.

திறப்பு விழா அன்று மேற்கே இடி இடித்தது. எங்கேயோ பெய்த மழை, வறண்டு கிடந்த வாய்க்காலில் ஓடி வந்தது. வந்த தண்ணீர் சுவரில் முட்டியது. அப்படியே திரும்பிப் பக்கத்துச் சாக்கடையில் விழுந்து ஓடியது.

குட்டையிலோ தண்ணீர் உள்ளங்கை அளவுக்கு வற்றிவிட்டது. தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன.

"அண்ணே, சுவரை இடிங்க!" என்று அலறியது செவந்தி.

"இப்பதானே விழா... ஒரு கூட்டம் போட்டுப் பேசி..."

"என் பிள்ளைங்க உங்க கூட்டத்துக்கு வர முடியாது அண்ணே! அதுங்களுக்குக் கால் இல்லை!"

முத்தாண்டி சேற்றைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

"இடிச்சா உங்க முகம் போயிடும் தலைவரே!" என்றது குப்புராசு.

"போகட்டும்டா! இந்த ஊர்ல எத்தனை தலைவர் முகத்தைத் தின்னிருக்கேன்! ஒண்ணாவது எனக்கு மறுநாள் வரைக்கும் பசி தாங்குச்சா? இந்த மூஞ்சி மட்டும் என்ன ஒசத்தி?"

நாலடி பின்னால் போய், பாய்ந்து வந்து சுவரில் வரைந்திருந்த தன் மூக்கிலேயே முட்டியது. சுவர் அசையவில்லை. முத்தாண்டிதான் மல்லாந்து விழுந்தது.

"இவ்வளவு கெட்டியாச் சுவர் வைக்கச் சொன்ன மடையன் யாரு?"

"நீதான்!" என்றது பேச்சாயி. "எழுந்திரி. நானும் வர்றேன்."

ஆடும் எருமையும் சேர்ந்து முட்டின. சுவர் பொலபொலவென்று சரிந்தது. வாய்க்கால் தண்ணீர் நுரையோடு உள்ளே பாய்ந்தது. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு சிதறின.

இடிந்த மண்ணை அள்ளிக் கரையில் போட்டார்கள். மைனாக்கள் போட்ட நாவல் கொட்டைகள் அதில் முளைத்தன. சோலார் விளக்கை எங்கே வைப்பது என்று இந்தத் தடவை செவந்தியைக் கேட்டார்கள்.

"தண்ணி ஓரமா வையுங்க. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், எங்களுக்குச் சாப்பாடு ஆச்சு!"

"தொழில்நுட்பம்னா இதுதானா?" என்று வாயைப் பிளந்தது குப்புராசு. "தூக்கிட்டு வந்த எனக்கே தெரியாதே!"

இடிந்த சுவரில் ஒரு துண்டு மட்டும் கரையில் நின்றது. அதில் மிஞ்சியது தாடிதான். முத்தாண்டி அதை முன்னும் பின்னும் நடந்து பார்த்தது.

"பரவாயில்லை. என்கிட்ட உருப்படியா இருந்ததே அது ஒண்ணுதான்!"

இது நடந்ததற்குச் சாட்சி வேண்டுமானால் பேச்சாயியைப் போய்க் கேளுங்கள். மென்று முடித்ததும் சொல்லும்.

ஊரை அழகாக்கப் புறப்படுகிறவர், அங்கே வாழ்கிறவரின் சொல்லை முதலில் கேட்க வேண்டும். தம் முகத்தை வரைவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.