'தி' சொல்லாத மகாராஜா

முன்னொரு காலத்தில், கடவுள் கொடுத்த மழைக்கும் குடிகள் கொடுத்த வரிக்கும் குறைவில்லாத ஒரு நாட்டை சண்பக பூபதி என்னும் மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் அவருக்குக் காது கேட்காது. வெள்ளைக்காரத் துரைமார் கடற்கரைக் கோட்டையில் வந்து குடியேறியதும் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது.

"இனிமேல் நம் உத்தரவுகள் எல்லாம் இங்கிலீஷில்தான் வரும். விளங்கவில்லை என்று எவனும் என் முன்னால் வந்து நிற்கக்கூடாது" என்று சபையில் அறிவித்துவிட்டார்.

கற்றுக்கொடுக்க வந்தவர் துபாஷி தில்லைநாயகம். துரைக்கும் ராஜாவுக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. முதல் பாடத்திலேயே மகாராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"துரை சில சமயம் 'எ ஹார்ஸ்' என்கிறார், சில சமயம் 'தி ஹார்ஸ்' என்கிறார். இரண்டும் குதிரைதானே? முன்னால் ஏன் இந்த 'எ', 'தி'?"

துபாஷிக்கு உள்ளுக்குள் பயம். ராஜா எல்லாவற்றையும் கற்றுவிட்டால் நாளைக்குத் தன்னை யார் தேடுவார்கள்? அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இரண்டும் ஒன்றேதான், மகாராஜா. ஆனால் 'தி' என்று துரையைப்போலச் சொல்ல நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்ட வேண்டும். சிம்மாசனத்தில் வீற்றிருந்துகொண்டு குடிகளுக்கு நாக்கைக் காட்டுவதா? தங்களுக்கு 'எ' ஒன்றே போதும்."

சபையில் விகடகவி மாசிலாமணி இருந்தார். துறைமுகத்தில் சில காலம் இருந்தவர், துரைமார் பேச்சு அவருக்குப் பழக்கம். "இரண்டும் ஒன்றல்ல, மகாராஜா" என்று எழுந்தார்.

"உம் விகடத்தை மாலையில் வைத்துக்கொள்ளும், மாசிலாமணி. உட்காரும், இது பாடவேளை" என்றார் ராஜா.

துபாஷிக்குப் பரம திருப்தி. மாசிலாமணி வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பதும், தான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுவதும் நெடுநாளாக அவர் வயிற்றை எரித்துக்கொண்டிருந்த விஷயம்.

ஒரு நாள் துரை அரண்மனைக்கு வந்தார். வாசலில் உயரமான குதிரைமேல் அமர்ந்து, ராஜாவோடு ஊர்சுற்றிப் பார்க்கக் காத்திருந்தார். மகாராஜா மாடத்தில் நின்று லாயத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "பிரிங் எ ஹார்ஸ்!"

லாயக்காரன் சன்னாசி விழித்தான். அந்தப் பக்கம் போன மாசிலாமணியை ஓடிப்போய்ப் பிடித்தான்.

"அய்யா, மகாராசா என்னமோ சத்தம் போட்டாரே. என்ன கேக்குறாரு?"

"குதிரை கேட்கிறார்."

"பவளத்தையா?" சன்னாசியின் முகம் வாடியது. பவளம் பட்டத்துக் குதிரை. "அதுக்கு முதுகெல்லாம் புண்ணுங்கய்யா. சேணம் பட்டா துடிச்சுப்போயிரும்."

"பவளம் என்று சொல்லவில்லையே. 'எ ஹார்ஸ்' என்றார். ஏதாவது ஒரு குதிரை."

"அப்பாடா! அப்போ சொக்கியக் கொண்டு போறேன். கிழவிதான், ஆனா பதமா நடக்கும்."

வாயில்லாத ஜீவனுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும் என்று மாசிலாமணியும் பேசாமல் இருந்தார். சொல்லைப் பிழையில்லாமல் கேட்டு நடப்பதும், ஒரு குதிரையின் முதுகுக்காக இரங்குவதும் குற்றமாகும் என்று அவர்கள் இருவரும் நினைக்கவில்லை.

சொக்கி வாசலில் வந்து நின்று, துரையின் குதிரையை அண்ணாந்து பார்த்துத் தும்மியது. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சபை கூடியபோது மகாராஜாவின் கண்கள் சிவந்திருந்தன. "ஊர் சிரிக்க என்னை அவமானப்படுத்தினாயடா!" என்று கர்ஜித்தார்.

சன்னாசி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "சாமி, பவளத்துக்குப் புண்ணுங்க..."

"வாயை மூடு!"

துபாஷி மெல்ல முன்னால் வந்தார். "இவனுக்குத் தனியாக இவ்வளவு துணிச்சல் வராது, மகாராஜா. காலையில் மாசிலாமணியார் இவன் காதில் ஏதோ ஓதியதை நான் பார்த்தேன்."

மகாராஜா ஆசனத்தைவிட்டு எழுந்தேவிட்டார். "எ மேன் மஸ்ட் லீவ் எ கிங்டம்! டுடே!" என்று கத்தினார். நாட்டைவிட்டு இன்றே ஓடு என்பது அவர் மனதில் இருந்தது.

"அபாரமான உத்தரவு" என்றார் துபாஷி. "மாசிலாமணியாரே இதை நிறைவேற்றட்டும். தவறினால் அவரும் கூடவே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சபையோர் அர்த்தம் சொல்லக் கேட்ட சன்னாசி, வெளியே வந்து மாசிலாமணியின் காலைப் பிடித்துக்கொண்டான். "அய்யா, என் பொஞ்சாதி வெள்ளச்சிக்கு விடியக்காலமே இடுப்பு வலி கண்டுருச்சு. மலைப்பாதையில வண்டியில போட்டுக் கொண்டு போனா ரெண்டு உசுரும் தங்காதுய்யா."

மாசிலாமணியின் முகத்தில் அதுவரை யாரும் கோபத்தைக் கண்டதில்லை. அன்று கண்டார்கள். பிறக்கப்போகும் சிசுவைக் கல்லிலும் மேட்டிலும் உருட்டிக்கொண்டு போ என்று சொல்ல, கடவுளைக் கும்பிடும் ஒருவருக்கு எப்படி மனம் வரும்?

"வண்டி பூட்டாதே, சன்னாசி. போய் வெந்நீர் போடு. மருத்துவச்சியைக் கூப்பிடு" என்றார். பிறகு நான்கு சேவகர்களை அழைத்துக்கொண்டு நேராகத் துபாஷியின் வீட்டுக்குப் போனார்.

துபாஷி இலையில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார்.

"எழுந்திரும், துபாஷியாரே."

"எதற்கு?"

"உம்மை நாடு கடத்த."

"என்னையா? உமக்குப் பைத்தியமா?"

"எனக்குக் கோபம். பைத்தியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தூக்குங்கள்!"

கையில் தயிர்சாதத்தோடு துபாஷியை ராஜவீதி வழியாகக் கொண்டுபோனார்கள். அவர் போட்ட கூச்சலில் மகாராஜாவே அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாசிலாமணி, இது என்ன கூத்து?"

"தங்கள் உத்தரவு, மகாராஜா. 'எ மேன்' என்றீர்கள். ஒரு மனிதன். எவனானாலும் சரி என்று அர்த்தம். முதலில் அகப்பட்டவரைப் பிடித்துவந்தேன். தான் மனிதனே இல்லை என்று இவர் வாயால் சொல்லட்டும், இங்கேயே விட்டுவிடுகிறேன்."

சேவகன் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

துபாஷி துள்ளினார். "அநியாயம்! மகாராஜா நினைத்தது 'எ மேன்' இல்லை! 'தி மேன்'! எல்லோருக்கும் தெரிந்த அந்த மனிதன், அந்த லாயக்காரன்! தி! தி! தி மேன்!"

ஒவ்வொரு 'தி'க்கும் அவர் நாக்கு பல்லைத் தாண்டி வெளியே வந்து வந்து போயிற்று. மகாராஜா அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாக்கை உள்ளே வையும், தில்லைநாயகம்" என்றார் ராஜா. "இரண்டும் ஒன்றேதான் என்று என்னிடம் சொன்னீரே?"

துபாஷியின் கையிலிருந்து சாதம் கீழே விழுந்தது. "தாங்கள் எல்லாம் கற்றுவிட்டால்... அடியேனை யார் தேடுவார்கள் என்று..." என்று முனகினார்.

மகாராஜாவின் கோபம் இப்போது மாசிலாமணி பக்கம் திரும்பியது. "தெரிந்த நீர் ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

"சொல்ல எழுந்தேன். உட்காரச் சொன்னீர்கள்." மாசிலாமணியின் குரல் தணியவில்லை. "இது பெரிய வித்தை இல்லை, மகாராஜா. நாம் 'குதிரை கொண்டு வா' என்றால் ஏதோ ஒரு குதிரை. 'குதிரையைக் கொண்டு வா' என்றால் தங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தக் குதிரை. நாம் சொல்லின் வாலில் ஓர் 'ஐ' வைக்கிறோம். அவர்கள் தலையில் ஒரு 'தி' வைக்கிறார்கள். கதை சொல்லும்போது 'ஒரு ராஜா இருந்தார்' என்று தொடங்குகிறோம். ஒரு தடவை தெரிந்துகொண்ட பிறகு அவர் 'அந்த ராஜா'. இவ்வளவுதான். தாங்கள் 'எ ஹார்ஸ்' கேட்டீர்கள். சன்னாசி ஒரு குதிரை கொண்டுவந்தான். அதற்குத்தான் இந்தத் தண்டனை."

மாசிலாமணி ஓர் அடி முன்னால் வந்தார்.

"இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தலை போனாலும் போகட்டும். கோபத்தில் இருப்பவனுக்கு எதிரே நிற்பவன் எப்போதும் 'எ மேன்'தான். யாரோ ஒருவன். அதனால்தான் இவ்வளவு சுலபமாகத் துரத்த முடிகிறது. அவன் யாரோ ஒருவன் இல்லை, மகாராஜா. பவளத்தின் முதுகுப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவுகிற சன்னாசி. இந்த நிமிஷம் அவன் மனைவி வெள்ளச்சி பிரசவ வலியில் கிடக்கிறாள்."

மகாராஜா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் புண் பெரிதா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

"உள்ளங்கை அகலம்."

"நான் தினமும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனால் சொன்ன உத்தரவை எப்படித் திரும்ப வாங்குவேன்? ராஜவாக்கு ஆயிற்றே."

"திரும்ப வாங்கவே வேண்டாம். 'ஒரு மனிதன் ஒரு ராஜ்யத்தை விட்டு இன்று போக வேண்டும்' என்பதுதானே உத்தரவு? உலகம் பெரியது. இந்நேரத்துக்குள் எவனோ ஒருவன், எங்கோ ஒரு ராஜ்யத்தை விட்டு, தன் சொந்த வேலையாகக் கிளம்பிப் போயிருப்பான். தங்கள் உத்தரவு நிறைவேறிவிட்டது!"

மகாராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தூண் அதிரச் சிரித்தார். சேவகர்கள் சிரித்தார்கள். துபாஷிகூட அழுதுகொண்டே சிரித்தார்.

"இவரை என்ன செய்யலாம்?" என்று ராஜா துபாஷியைக் காட்டினார்.

மாசிலாமணியின் கோபம் அப்போதுதான் இறங்கியது. "பாதி இலையில் எழுப்பி இழுத்துவந்துவிட்டேன். அது என் தப்பு. போய்ச் சாப்பிட்டு முடிக்கட்டும். நாளைக் காலையிலிருந்து தங்களுக்கு 'தி' கற்றுக்கொடுக்கட்டும், நாக்கை நீட்டியே."

மகாராஜா தம் தோளில் இருந்த ஜரிகைச் சால்வையை எடுத்து மாசிலாமணிக்குப் போர்த்தினார். கழுத்துச் சங்கிலியையும் கழற்றி அணிவித்தார். சன்னாசியின் தண்டனையும் நீங்கியது, பவளத்துக்குப் புண் ஆறும்வரை ஓய்வும் கிடைத்தது. மாசிலாமணி சால்வையைப் பிறக்கப்போகும் குழந்தைக்கென்று அங்கேயே மடித்துக்கொண்டு, லாயத்துப் பக்கம் நடந்தார்.

பொழுது சாயும் வேளையில், கடவுள் கிருபையால், லாயத்தை ஒட்டிய குடிசையில் ஒரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையை மகாராஜா நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சொன்ன எனக்கும் கேட்ட உங்களுக்கும், கோபம் வரும் நேரத்தில் எதிரே நிற்பவரின் பெயர் நினைவுக்கு வரட்டும்.