ஒன்றாம் கட்டையின் பதவி

ஒரு பஜனை மடத்தில் ஓர் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அதில் வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று முழுப் பெயர். நடுவே ஒண்டியிருந்த கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று அரைப் பெயர்.

மடத்தில் பாடியவர் பலராம பாகவதர். அவர் குரல் நின்றது ஒன்றாம் கட்டையில். ஆகவே எந்தப் பாட்டானாலும் அதுதான் ஸ. ஸ என்பது ஏழு சுரங்களுக்கும் தலைச்சன். மற்றவை அதிலிருந்து எண்ணித்தான் தங்கள் இடத்தைப் பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போனதில் ஒன்றாம் கட்டைக்குக் கொம்பு முளைத்துவிட்டது. தான் பிறந்ததே ஸ-வாகத்தான் என்று நம்பியது.

பாகவதர் மகளோடு இருக்க நாகபுரிக்குப் போனார். அவர் இடத்துக்குக் குமுதவல்லி வந்தாள்.

“எத்தனை கட்டைம்மா?” என்று கேட்டார் ஆர்மோனியக்காரர் கோதண்டம்.

“அஞ்சரைங்க.”

கோதண்டம் ஐந்தரையை அழுத்தினார். ஒன்றாம் கட்டைக்குப் பகீரென்றது.

“நீ ஸ-வா? அரைக் கட்டைக்கு அவ்வளவு ஆசையா?”

“நான் கேட்டு வாங்கலண்ணே” என்றது ஐந்தரை. “அந்தம்மா குரல் இங்க நிக்குது.”

“அப்ப நான் யாரு?”

“எங்கிட்டேருந்து ஸ, ரி, க-ன்னு எண்ணுங்க. நீங்க காந்தாரம்.”

“மூணாவது ஆளா? நடக்காது.”

குமுதவல்லி மோகன ராகத்தில் ஒரு பாட்டைத் தொடங்கினாள். ஸ, ரி என்று ஏறிய கோதண்டத்தின் விரல் காந்தாரத்துக்காக ஒன்றாம் கட்டையில் இறங்கியது. அமுங்கிய கட்டை எழவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று, அவள் எந்தச் சுரத்தைப் பாடினாலும் குறுக்கே கத்திக்கொண்டு கிடந்தது.

கோதண்டம் கோபப்படவில்லை. கட்டையைத் தூக்கி, அடியில் ஒரு தீக்குச்சியைச் செருகினார். இனி அது அமுங்காது, சத்தமும் வராது.

பாட்டு தொடர்ந்தது. ஸ வந்தது, ரி வந்தது, காந்தாரத்தில் ஒரு பள்ளம். அடுத்த அடியிலும் அதே பள்ளம். முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பூக்கடை நல்லமுத்து கையை நிறுத்தினார்.

“ஏங்க கோதண்டம், மோகனத்துல ஏதோ ஒண்ணு கொறையுதே?”

ஒன்றாம் கட்டைக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஸ-வாக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் அதை யாரும் தேடியதில்லை.

“குச்சிய எடுக்கச் சொல்லு, தம்பி” என்றது ஐந்தரையிடம்.

“நாம சொன்னா அவருக்குக் கேக்குமாண்ணே?”

கேட்கவில்லைதான். ஆனால் பல்லவி திரும்பும்போது கோதண்டமே ஒருமுறை பார்க்கலாம் என்று குச்சியை உருவினார். விரல் பட்டதும் ஒன்றாம் கட்டை அமுங்கியது. விரல் போனதும் எழுந்தது. நல்லமுத்து மறுபடி தாளம் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை கோதண்டம் பெட்டியைத் திறந்ததும் பக்கத்திலிருந்த இரண்டாம் கட்டை மெதுவாகக் கேட்டது: “அண்ணே, இன்னிக்கு நீங்க யாரு?”

“பாடுறவங்க வாயைத் திறக்கட்டும், சொல்றேன்.”